சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்புக்கு ஆகாதா?

திருப்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வயது 46. பனியன் கம்பெனியில் வேலை. மீசை முளைத்த காலத்திலேயே தொற்றிக்கொண்ட பழக்கம், இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், நைட் ஷிஃப்ட் என்றால் அதற்கு மேலேயும் போகும். என் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது மகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் கம்பெனியில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இத்தனை வருஷம் புகையில் ஊறிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், தெரிந்தவர் ஒருத்தர் விட்ட மாதமே போய்ச் சேர்ந்தார் என்கிறார் கட்டிங் மாஸ்டர். கெட வேண்டியதெல்லாம் கெட்டாச்சு, இனி விட்டு என்ன பிரயோஜனம் என்கிறார் இன்னொருத்தர். தார் குறைவு என்று சொல்லும் லைட்ஸ் சிகரெட்டுக்கு மாறினால் போதும் என்றும் சொல்கிறார்கள். இது எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பயம், காலையில் எழுந்ததும் ஒரு தம் இல்லாமல் மோஷன் வராது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
ஒரேயடியாக நிறுத்துவதால் மாரடைப்பு வராது அண்ணா. நடப்பது நேர் எதிர். நிறுத்திய ஒரு நாளுக்குள் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். கட்டிங் மாஸ்டர் சொன்னதுபோல் "விட்டதும் போய்ச் சேர்ந்தவர்கள்" கதை என் கடைக்கும் தினம் வருகிறது. அவர்களில் நிறைய பேர் எப்போது விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், நெஞ்சு வலி வந்து, டாக்டர் திட்டிய பிறகுதான் விட்டிருப்பார்கள். நோய் முன்னாலேயே முற்றியிருக்கும், பழி மட்டும் நிறுத்தியதன் மேல் விழும். இந்த ஒரு பேச்சை நம்பி எத்தனையோ பேர் பாக்கெட்டைக் கீழே வைக்கவே பயப்படுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

இனி என்ன பிரயோஜனம் என்றவருக்கு: பிரிட்டனில் டாக்டர்களையே 1951 முதல் 50 வருடம் விடாமல் கவனித்து 2004இல் முடிவைச் சொன்னார்கள். தொடர்ந்து பிடித்தவர்களோடு ஒப்பிட்டால் 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 வருடம், 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் விட்டவர்களுக்கு 9 வருடம் ஆயுள் மிச்சம். உங்களுக்கு 46தான் ஆகிறது.

லைட்ஸ் சுத்த ஏமாற்று. ஃபில்டர் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், மெஷினில் வைத்துச் சோதிக்கும்போது அது வழியாகக் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டும். நாம் பிடிக்கும்போது விரலும் உதடும் துளையை மூடிவிடும், போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்போம்.

காரைக்குடி65:
தம்பி, அந்த மோஷன் பயம் எனக்கும் இருந்தது, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே பல வருஷம் பிடித்துக்கொண்டிருந்தேன். நிக்கோடின் குடலைத் தூண்டுகிறது என்பது நிஜம்தான், நிறுத்தினால் சிலருக்குச் சில வாரம் மலச்சிக்கல் இருக்கும். அப்புறம் குடல் தானாகப் பழகிவிடும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷம் நடை, ராத்திரி கொய்யாவோ வாழைப்பழமோ, எனக்கு இது போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. டீயைக் குறையுங்கள். டீ, காபியில் இருக்கும் கஃபீனைச் சிகரெட் புகை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்ற வைக்கும். புகை நின்றதும் அதே நாலு டீ ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபீனாக நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது, இதெல்லாம் வந்ததும் "பார்த்தாயா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று திரும்ப பெட்டிக்கடைக்குப் போகிறவர்கள் அதிகம். முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பக் கடினம், எரிச்சல் வரும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இருமல் கூடினாலும் பயப்படாதீர்கள், சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ரத்தம் வந்தாலோ வாரக்கணக்கில் நீடித்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நெல்லை_வேலு:
நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரேயடியாக என்பது எல்லாருக்கும் முடியாது. நான் ஒவ்வொன்றாகக் குறைத்து இப்போது ஒன்றிரண்டில் நிற்கிறேன், அதனால் பெரிய கெடுதல் இல்லை.

மருந்துக்கடைக்காரன்:
அண்ணாச்சி, குறைத்தது பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 20 என்பது 1 ஆனால் இதய ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்று நினைப்போம். 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும் அந்த ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. எது சுலபம் என்பதையும் பிரிட்டனில் சுமார் 700 பேரை வைத்துச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். தேதி குறித்து ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 6 மாதம் கழித்தும் தாக்குப்பிடித்தவர்கள் 22 சதவீதம், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதம். இரண்டு பக்கத்துக்கும் நிக்கோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள், வெறும் வைராக்கியத்தில் வந்த கணக்கு இல்லை இது.

திருப்பூர்வாசி:
ரொம்ப நன்றி. வருகிற ஞாயிறு என்று தேதி குறித்துவிட்டேன். நிக்கோடின் சூயிங்கம் முன்னே ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன், தொண்டை எரிந்து விக்கல் வந்தது. அதுவும் ஒரு போதைதானே?

மருந்துக்கடைக்காரன்:
சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றிருப்பீர்கள், அதனால்தான் விக்கல். மெதுவாகச் சிலமுறை மெல்லுங்கள், காரம் நாக்கில் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் டீ குடிக்கக் கூடாது, வாயில் இருக்கும்போதும் கூடாது. புற்றுநோய் தருவது புகையில் இருக்கும் தாரும் மற்ற நச்சுகளும்தான். சூயிங்கத்தில் அது கிடையாது, இரண்டு மூன்று மாதத்தில் அதையும் குறைத்து நிறுத்திவிடலாம். கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பது 2 மில்லிகிராம். எழுந்ததும் பிடிக்கிறவர் என்பதால் உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், எப்படியும் மூச்சு வாங்குகிறதா, பிரஷர் எப்படி என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சனிக்கிழமைக்குள் ஒரு முறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள், நைட் ஷிஃப்டில் எப்படிச் சமாளிப்பது என்றும் கேளுங்கள்.