சூடானால் அணையும் பழைய வேன்: ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டதா?

கேள்வி: 2006 மாடல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) பெட்ரோல் வேன். அரை மணி ஓடினால் அணைகிறது. அப்போது சாவி போட்டாலும் டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிவதில்லை. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. ஈசிஎம் மாற்றலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. அணைந்த நிலையிலேயே மீட்டர் வையுங்க. மெயின் ரிலேயில் (ஈசிஎம்முக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) 12 வோல்ட் வருதா, எர்த் போல்ட் துருப்பிடிக்காம இறுக்கமா இருக்கா பாருங்க. அடுத்து த்ராட்டில் சென்சார் கனெக்டரில், ஈசிஎம் சென்சார்களுக்குத் தரும் 5 வோல்ட் வருதா பாருங்க. இல்லையென்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்க. எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புதோ அதுதான் ஷார்ட்.

பதில் 2: அப்படியும் 5 வோல்ட் வராவிட்டால் ஈசிஎம் மேல்தான் சந்தேகம். மூடியைத் திறங்க. கெப்பாசிட்டர் காலடியில் பழுப்புக் கறை, மீன் வாடை இருந்தால் கசிவு. போர்டு அரிக்கப்படாதவரை கெப்பாசிட்டர் மாற்றினாலே பிழைக்கும்.

பதில் 3: வேற ஈசிஎம் என்றால் லேபிள் எண் அப்படியே ஒத்துப்போகணும், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) இருந்தால் சாவியையும் பதியணும். மாட்டுமுன் இன்ஜெக்டரின் (பெட்ரோல் தெளிக்கும் வால்வு) ஓம் அளவைப் பாருங்க. ஷார்ட்டான இன்ஜெக்டர் புதிய ஈசிஎம்மையும் எரித்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாம கை வைக்காதீங்க.