பொருள்: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்: ‘எதிர்மறை வலுவூட்டல்’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் உளவியல் கலைச்சொல் பட்டியலில் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டுக்கு ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். படிக்கிறவர் மனத்தில் உடனே வந்து நிற்பது தண்டனை. கருத்தோ அதற்கு நேர்மாறு. மாத்திரை போட்டதும் தலைவலி விடுகிறது. அடுத்த முறை வலித்தால் கை மாத்திரையைத் தேடுகிறது. காரில் பெல்ட் மாட்டியதும் பீப் ஒலி நிற்கிறது. மாட்டும் பழக்கம் ஊன்றுகிறது. இரண்டிலும் தொல்லை விலகியது, அதனால் செயல் பெருகியது. நெகட்டிவ் என்பது இங்கே கழித்தல் குறி மட்டுமே.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் பழையது. நடத்தை ஆய்வில் இக்கருத்துகளை வளர்த்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரே 1938இல் இச்சொல்லைத் தண்டனை என்ற பொருளில்தான் ஆண்டார். 1953இல் வந்த அவர் நூலில்தான் இன்றைய பொருள் இருக்கிறது. அவர்கள் திருத்திக்கொண்ட குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் (ஒன்று வந்து சேர்வதால் செயல் பெருகுவது), நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் இரண்டுக்கும் முறையே ‘சேர் வலுவூட்டல்’, ‘நீக்கு வலுவூட்டல்’ என வைக்கலாம்.

-----

> ‘சேர் வலுவூட்டல்’, ‘நீக்கு வலுவூட்டல்’ என வைக்கலாம்.

எதிர்மறையைக் கைவிடுவதில் முழு உடன்பாடு, ஐயா. ஆனால் ‘நீக்கு வலுவூட்டல்’ என்றால் வலுவூட்டலையே நீக்குவது என்று படிப்பார்கள். அது எக்ஸ்டிங்ஷன், அதாவது வலுவூட்டல் நின்றதால் நடத்தை குறைவது; வேறு கருத்து. ‘தமிழ்வழிக் கல்வி’ என்ற சொல்லின் அமைப்பில் ‘சேர்ப்புவழி வலுவூட்டல்’, ‘நீக்கவழி வலுவூட்டல்’ என்றால் அந்த இடறல் இல்லை.

கடினமான எடுத்துக்காட்டு ஒன்றில் சோதித்தேன். குழந்தை போன் கேட்டு அழுகிறது, பெற்றவர் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. அழுததற்குப் போன் வந்தது: குழந்தைக்குச் சேர்ப்புவழி. கொடுத்ததும் அழுகை போனது: பெற்றவருக்கு நீக்கவழி. ஒரே நிகழ்வில் இருவர் பழக்கமும் ஒன்றையொன்று வளர்ப்பது சொல்லிலேயே தெரிகிறது. ‘எதிர்மறை’ என்றால் இதை விளக்க ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவரின் நடத்தையும் நீக்கவழிதான்: இழுத்ததும் பதற்றம் தணிகிறது, அந்தத் தணிவே அடுத்த இழுப்புக்கு வித்து.

பனிஷ்மென்ட்டுக்கு ‘தண்டனை’ வேண்டாம். தண்டனையில் குற்றம், நீதி எல்லாம் ஏறிக்கொள்ளும். இங்கே அளவுகோல் ஒன்றே: அந்த நடத்தை பிறகு குறைந்ததா? திட்டியும் குறும்பு கூடினால், திட்டியவர் என்ன நினைத்திருந்தாலும் நடந்தது வலுவூட்டல். ‘வலுக்குறைப்பு’ என்றால், சேர்ப்புவழி, நீக்கவழி என்று வலுவூட்டலில் இரண்டும் வலுக்குறைப்பில் இரண்டுமாக நான்கும் ஒரே குடும்பமாக நிற்கும். விளையாட்டு நேரத்தைப் பறித்ததால் குறும்பு குறைந்தால் அது நீக்கவழி வலுக்குறைப்பு.

-----

‘வழி’ பொருந்துகிறது, அம்மா. என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். வலுக்குறைப்பும் சரி.

வரையறையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். குளிரில் ஹீட்டர் போட்டால் வந்தது வெப்பமா, போனது குளிரா? 1975இல் அமெரிக்க நடத்தை ஆய்வாளர் ஜாக் மைக்கேல் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இந்தப் பிரிவே தேவையில்லை என்று வாதிட்டார். ஆகவே ‘நடத்தைக்கு முன் இருந்தது எது, பின் இருந்தது எது என்று இரண்டையும் குறித்த பிறகே பெயரிடுக’ என்று எழுதலாம்.

எக்ஸ்டிங்ஷனுக்கு ‘அழிவு’ பொருந்தாது. நடத்தை அழிவதில்லை, இடைவெளி விட்டுத் திரும்பவும் தலைகாட்டும். ‘அணைவு’ என்பேன். வலுவூட்டல் நின்றதும் நடத்தை சிலநேரம் முதலில் உக்கிரமாகும் (எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்). அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரியும் என்று நாம் சொல்வதுதான். அதற்கு ‘அணைமுன் சுடர்வு’. போன் தருவதை நிறுத்தியவர் சரியாக இந்தக் கட்டத்தில்தான் தளர்ந்து கொடுத்துவிடுகிறார். அப்போது வலுப்பெறுவது பழைய அழுகை அல்ல, உரத்த அழுகை. அதோடு, எப்போதாவது ஒருமுறை கிடைத்தே பழகிய நடத்தை, எப்போதும் கிடைத்துப் பழகியதைவிட மெதுவாகவே அணையும். பயிற்சிக் கையேடுகளில் இந்தச் சுடர்வுக்கு இதுவரை தனிப்பெயர் இல்லாமல் ‘தொடக்கநிலை அதிகரிப்பு’ என்று சுற்றி எழுதிவந்தோம்.

‘சுடர்வு’ என்ற பெயராக்கத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘அணைமுன் வீச்சு’ மேலா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.