அம்மாவுக்கு நீல இன்ஹேலர் உடனே கேட்கிறது, டாக்டர் புதிதாகத் தந்தது ஒன்றுமே செய்யவில்லை. ஏன்?

சிற்றாறுக்காரன்:
ஊர் குலசேகரம் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, ரொம்ப வருஷமாகவே இளைப்பு உண்டு. ஜூனில் மழை பிடித்தால் கூடவே இழுப்பும் வந்துவிடும், ஐப்பசி மழைக்கு மறுபடியும். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறை இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்றால் கேட்கவும் மாட்டாள். நீல இன்ஹேலர் அடித்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு சரியாகிவிடும், ஆனால் இந்த வருஷம் அந்தப் பலன் நிற்கவே மாட்டேன் என்கிறது, தினமும் மூன்று நான்கு தடவை எடுக்கிறாள். டாக்டர் ஒரு ரோட்டாகேப் (கருவியில் போட்டுப் பொடியை இழுக்கிற கேப்சூல்) எழுதினார், புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்தது, காலையிலும் ராத்திரியும். கூடவே மான்டெலுகாஸ்ட் மாத்திரை. கொஞ்ச நாள் எடுத்துவிட்டு, 'இதில் ஒரு எளவும் இல்லை' என்று ரோட்டாகேப்பை நிறுத்திவிட்டாள். ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டுச் சித்தி வேறு பயம் காட்டி வைத்திருக்கிறார். எல்லாம் மூச்சுக்குத்தானே, எதற்கு இத்தனை மருந்து? ஒவ்வொன்றும் உள்ளே போய் என்ன செய்கிறது என்று யாராவது சொன்னால் அம்மாவிடம் பேசிப் பார்ப்பேன்.

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
தம்பி, இதே கேள்வியோடு மழைக்காலம் முழுக்க ஆட்கள் வருவார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆஸ்துமாவில் இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகுகிறது, அது ஒன்று. குழாயின் உள்தோல் வீங்கிச் சளி கட்டுகிறது, அது இன்னொன்று. நீலத்தில் இருப்பது சால்பியூட்டமால். தசையில் பீட்டா-2 என்கிற ஏற்பி இருக்கிறது, மருந்து அதில் போய் உட்கார்ந்ததும் தசை தளரும், குழாய் விரியும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடவே தொடாது. ஓட்டு வீட்டில் ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைக்கிற கதைதான், ஓடு மாற்றுகிற வேலையைச் செய்வது புடசோனைடு என்கிற ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் புகுந்து, வீக்கத்தை உண்டாக்குகிற பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களையே அடக்குகிறது. அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். எடுத்த உடனே ஒன்றும் தெரியாது, தெரியாததால்தான் எல்லாரும் நிறுத்துகிறார்கள். நீலத்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று 2019-இலேயே ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு பயத்துக்கு ஒரு கணக்கு. இழுக்கிற மருந்தின் அளவு மைக்ரோகிராமில், மாத்திரை மில்லிகிராமில். சால்பியூட்டமாலையே எடுங்கள், ஒரு அடி 100 மைக்ரோகிராம், 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 அடிக்குச் சமம். அதனால்தான் மாத்திரை போட்டவருக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. புடசோனைடும் அப்படித்தான், நுரையீரலுக்கு நேரே போவதால் கொஞ்சம் போதும். எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும்.

மான்டெலுகாஸ்ட் வேறு வழி. அலர்ஜி வரும்போது உடம்பு லூக்கோட்ரையீன் என்கிற பொருளை விடுகிறது, அது போய் ஒட்டுகிற இடத்தை இந்த மாத்திரை அடைத்துவிடும். ஸ்டீராய்டுக்கு மாற்று அல்ல, துணை. மாத்திரை தொடங்கிய பிறகு கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் இதற்கென்றே பெரிய எச்சரிக்கை போட்டது.

குளச்சல் காற்று:
இங்கிலீஷ் மருந்து பழகினால் விடாது. எங்கள் வீட்டில் ஆடாதோடைக் கசாயம்தான். இன்ஹேலரைத் தூரப் போடுங்கள்.

நாஞ்சில் நர்ஸ்:
அண்ணே, ஆடாதோடையை யாரும் குறை சொல்லவில்லை. அதிலிருக்கிற வாசிசின் என்கிற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள், இருமல் சிரப்பில் வரும் ஆம்ப்ராக்சால் அதன் வழி வந்தது. சளியை இளக்கும், அவ்வளவுதான். இளைப்பு முற்றி உதடு நீலமாகிறவரிடம் போய் இன்ஹேலரைத் தூரப் போடு என்று சொல்லாதீர்கள், அந்த நிலையில் எங்களிடம் கொண்டுவந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், இன்ஹேலர் பழகுகிற சாமானே அல்ல.

சிற்றாறுக்காரன் தம்பி, எனக்கு இடிப்பது வேறு. ஃபார்மோட்டெரால் சில நிமிடத்திலேயே தசையைத் தளர்த்துகிற மருந்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். புடசோனைடு மெதுவாக வேலை செய்யட்டும், இதுவாவது தெரிய வேண்டுமே? அதுவும் தெரியவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்றே நினைக்கிறேன். அம்மா எப்படி இழுக்கிறார் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். நீல இன்ஹேலரை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். ரோட்டாகேப்பை அப்படி இழுத்தால் பொடி கிளம்பாது, முதலிலிருந்தே வேகமாக, பலமாக இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். கேப்சூலை முன்னாலேயே எடுத்து வெளியில் வைக்கவும் கூடாது, நம் ஊர் ஈரத்தில் இளகிவிடும். மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்களும் உண்டு, சிரிக்க வேண்டாம்.

சிற்றாறுக்காரன்:
அக்கா, காலையில் நின்று பார்த்தேன். காப்பி உறிஞ்சுகிற மாதிரி மெல்ல இழுக்கிறாள், கருவியைத் திறந்தால் பாதிப் பொடி கேப்சூலிலேயே இருக்கிறது! வேகமாக இழுக்கச் சொன்னேன், இருமினாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் 'இப்போ கொள்ளாம்', நன்றாக இருக்கிறது என்றாள்.

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
நல்லது. இன்னொன்று கேட்க விட்டுப்போயிற்று. நீலத்தின் பலன் இந்த வருஷம்தான் நிற்கவில்லை என்றீர்கள். வேறு என்ன மருந்து போடுகிறார்? பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, கண் சொட்டு, எல்லாம் சொல்லுங்கள்.

சிற்றாறுக்காரன்:
பிரஷருக்கு அம்லோடிபைன், அது பழையது. விஷு கழிந்து கண்ணில் அழுத்தம் என்று ஒரு சொட்டு மருந்து தந்தார்கள். பாட்டிலில் டிமோலால் என்று இருக்கிறது. கண்ணில் விடுவதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
சம்பந்தம் நிறைய. டிமோலால் பீட்டா ஏற்பியை அடைக்கிற மருந்து. சால்பியூட்டமால் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டுமோ, அதே இடம். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் சேர்கிறது, வயிற்று வழி போகிற மாத்திரையைப் போல முதலில் கல்லீரலில் சிதைவதும் இல்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு இது கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கும். கண் டாக்டரிடம் போனபோது இளைப்பு உண்டு என்று சொன்னார்களா தெரியவில்லை.

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கண் அழுத்தம் ஏறினால் பார்வைக்கு ஆபத்து. இன்றைக்கே கண் டாக்டரைக் கூப்பிட்டு 'அம்மாவுக்கு ஆஸ்துமா, டிமோலால் போடுகிறார்' என்று சொல்லுங்கள், லாட்டனோபிராஸ்ட் மாதிரி வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. நடுவில் மூச்சு முட்டி நீலம் அடித்தும் அடங்காவிட்டால் போனுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாஞ்சில் நர்ஸ்:
அண்ணன் சொன்னதுதான். எல்லா மருந்தையும், சொட்டு உட்பட, ஒரே பையில் போட்டு இளைப்பு டாக்டரிடமும் கொண்டு காட்டுங்கள். ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்காவிட்டால் அதையும் கேளுங்கள், விறகுப் புகையிலும் ஷீட் புகையிலும் இருந்தவருக்கு ஆஸ்துமாவோடு சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் கலந்திருக்கலாம், அதற்கு மருந்து கொஞ்சம் மாறும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் ஓபி சீட்டுக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள்.

சிற்றாறுக்காரன்:
கண் டாக்டரிடம் பேசியாகிவிட்டது, சொட்டை மாற்றித் தருகிறேன், இன்று மாலையே வரச் சொல்லுங்கள் என்றார். சித்தியும் கூட வருகிறாராம், ஸ்டீராய்டு பற்றி டாக்டரிடம் நேரே கேட்கப் போகிறாராம்.