பாளையங்கோட்டையில் வால்ஃபிளவர் வருமா? மாசி, பங்குனியில் பாத்தி நிறையப் பூ வேணும்

பாளைவாசி:
அண்ணாச்சிமாரே, வால்ஃபிளவர் விதை ஒரு பாக்கெட் கையில இருக்கு. வீட்டு முன்னால 10 அடிக்கு 4 அடி பாத்தி, கரிசல் மண், மத்தியானம் வரை வெயில். பங்குனிக்குப் பூக்க எப்ப விதைக்கணும்?

பொருநைக்கரை:
அது நம்ம ஊருக்கு ஆகாதுங்க. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி. இங்கிலாந்தில் மே, ஜூனில் விதைத்து, அக்டோபரில் பிடுங்கி நட்டால் குளிர்காலம் முழுக்கச் சும்மா நிற்கும். அந்தக் குளிர் பட்ட பிறகுதான் மார்ச் முதல் மே வரை பூக்கும். பாளையில மார்கழி ராத்திரிகூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குறது அபூர்வம். இலை மட்டும் வளரும், மொட்டு வராது. குளிர் கேட்காமல் முதல் வருஷமே பூக்கிற ரகங்களும் உண்டு, பாக்கெட்டைப் பாருங்க. ஆனா அதுவும் மாசி வெயிலில் வாடிரும். விதையைக் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் யாருக்காவது கொடுங்க.

அதே மஞ்சள், ஆரஞ்சு நிறத்துக்குக் கேந்தி, அதாவது செண்டுமல்லிதான் சரி. வடகிழக்கு மழை ஓயும் நேரம், கார்த்திகைக் கடைசியில குழித்தட்டில் விதைங்க. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். 25 நாளில் நாலைந்து இலை வந்ததும் நடலாம். வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 35 சென்டிமீட்டர் விட்டால் உங்க பாத்திக்கு 24 செடி. 40 விதை போட்டுக்குங்க.

கரிசல்காடு:
கரிசல் மண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணி தேங்கினா வேர் அழுகி, காலையில நல்லா நின்ன செடி சாயங்காலம் தொங்கிரும். அரை அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, 10 கிலோ மக்கின சாணி எருவும் அதே அளவு ஆத்து மணலும் கலந்து கொத்துங்க. மேல்மண் காஞ்ச பிறகு மட்டும் தண்ணி விடுங்க. யூரியா வேண்டாம், தழைதான் ஓங்கும்.

பொருநைக்கரை:
ஆமா, மேட்டுப்பாத்தி கட்டாயம். நட்டு 30 நாளில் நுனியைக் கிள்ளணும், மறந்துராதீங்க. கிள்ளினா பூ கொஞ்சம் பிந்தும், ஆனா பக்கக் கிளை அடிச்சு பல மடங்கு பூக்கும். நட்டதிலிருந்து ஏறக்குறைய 60 நாளில் பூ, அதாவது மாசிக் கடைசி. காய்ந்த பூவை உடனே பறிச்சிருங்க. விதை கட்டவிட்டா புது மொட்டு குறையும். பங்குனி வெயில் ஏறினா இலைக்கு அடியில செஞ்சிலந்தி வரும், இலை வெளிறிப் புள்ளி விழும். அடிப்பக்கம் நனையத் தண்ணி பீய்ச்சுங்க, அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசலோட சாயங்காலம் அடிங்க.

கரிசல்காடு:
ஓரத்துக்கு வாடாமல்லி வைங்க. சித்திரை வெயிலுக்கும் நிற்கும்.