மக்களவை விதி 377-இல் வாசித்ததை 'விவாதம்' என்று எண்ணலாமா?

மடைத்திறப்பு
நேற்று வேறொரு திரியில் ஒருவர் எழுதியிருந்தார்: "கிராமத் தொகுதி எம்.பி. வேலை பார்க்கிறாரா என்று தெரிய பி.ஆர்.எஸ். பக்கத்தில் 'விவாதங்கள்' எண்ணைப் பார்த்தால் போதும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பி.ஆர்.எஸ். என்பது எம்.பி.க்களின் அவைச் செயல்பாட்டைத் தொகுத்து வெளியிடும் ஆய்வு அமைப்பு. அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். பின்வரிசை உறுப்பினர்கள் பலருக்கும் அதில் விதி 377-உம், கேள்வி நேரத்துக்குப் பின் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரமும்தான் நிறைந்திருக்கும். 377 என்றால் என்ன? தொகுதிப் பிரச்சினை போன்றவற்றை உறுப்பினர் மக்களவையில் வாசித்துப் பதிவு செய்யும் வழி. 250 சொல்லுக்கு மிகாமல் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு வாரம் ஒன்று, அவைக்கு நாளொன்றுக்கு 20 வரை. ஒப்புதல் பெற்ற வாசகத்தைத் தாண்டி ஒரு வரி சொன்னாலும் அவைக்குறிப்பில் ஏறாது. அமளி நாளென்றால் வாசிக்கவே வேண்டாம், மேசையில் வைத்ததாகக் கொள்வார்கள். மறுத்துப் பேச எதிரில் யாரும் எழுவதில்லை. அமைச்சர் அங்கேயே பதில் சொல்வதுமில்லை. மனுப் பெட்டியில் காகிதம் போட்டவரை, கலெக்டரிடம் வாதாடினார் என்று சொல்வீர்களா?

கரிசல்மண்
அந்த 'ஒருவர்' நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். 377 அவைக்குறிப்பில் அச்சேறுகிறது. அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பட்ஜெட் விவாதத்தில் நேரம் கட்சி பலத்தைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. சின்னக் கட்சியின் கிராமத்து உறுப்பினருக்கு அதில் என்ன மிஞ்சும்? தொடங்குவதற்குள் மணி அடித்துவிடும். அவருக்குத் திறந்திருக்கிற கதவு 377தான். அதை எண்ணக்கூடாது என்றால் அவர் வாயே திறக்கவில்லை என்று எழுதுவீர்களா?

மடைத்திறப்பு
பதில் வருவது வேறு, விவாதம் நடப்பது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள். நெல் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். கொள்முதலுக்கு மத்திய அரசின் வரம்பு 17 சதவீதம். டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் தமிழ்நாடு 22 வரை தளர்த்தக் கேட்கிறது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போகிறது, அதன் பிறகு உத்தரவு வருகிறது. அதற்குள் நெல் களத்திலேயே முளை விட்டுவிடும். இதை 377-இல் வாசித்தால், 'உரிய பரிசீலனை செய்யப்படுகிறது' என்று ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி. 'ஒவ்வோர் ஆண்டும் தளர்த்துகிறீர்கள், பிறகு ஏன் ஒவ்வோர் ஆண்டும் குழு அனுப்பிக் காத்திருக்க வைக்கிறீர்கள்?' என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். அதுதான் விவாதம்.

கரிசல்மண்
நட்சத்திரக் கேள்வி குலுக்கலில் விழ வேண்டும் ஐயா! நாளொன்றுக்கு 20தான் பட்டியலில். அதிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எடுபடுபவை சில. 2019 நவம்பரில் ஒரு நாள் 20-உம் முடிந்தது, அதுவே செய்தியானது. மற்றவை எல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். துணைக் கேள்வி எங்கே? 377-ஐ மட்டும் இளக்காரமாகப் பேசுகிறீர்கள்.

கோப்புக்கட்டு
இருவரும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் நெல் நனைந்த வாரத்தில் நட்சத்திரக் கேள்வி கைகொடுக்காது. அன்றைக்கே எழுப்ப வழி பூஜ்ய நேரம், அதுவும் குலுக்கல்தான், அதுவும் விதிப்புத்தகத்தில் இல்லாதது. ஈரப்பதக் கேள்வியை வேளாண் அமைச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. அது உணவு, பொது விநியோகத் துறையின் பொறுப்பு. தவறான இடத்துக்குப் போனால் மாற்றி அனுப்புவதிலேயே நாள் கழிந்துவிடும். கேள்வி 150 சொல்லைத் தாண்டக்கூடாது. மாநில அரசின் பொறுப்பிலுள்ள விஷயமென்றால் ஏற்கவே மாட்டார்கள். 'எங்கள் ஒன்றியத்தில் கொள்முதல் நிலையம் ஏன் திறக்கவில்லை' என்று கேட்டால் தள்ளுபடி. 'கொள்முதல் வரம்புகளைத் தளர்த்த மாநிலம் எப்போது கேட்டது, எப்போது முடிவு சொன்னீர்கள், இடையில் எத்தனை நாள்' என்று கேட்டால் நிற்கும். மேலும், கேள்விகளின் எண்ணிக்கையும் நம்பத் தக்கதல்ல. ஒரே கேள்வியைப் பல பேர் கொடுத்தால் பெயர்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்று ஏறும்.

மடைத்திறப்பு
கோப்புக்கட்டு சொன்னது சரி. ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. அவையில் நடப்பதன் எண்ணிக்கை எதையும் சொல்லாது. கிராமத் தொகுதி உறுப்பினரின் உண்மையான வேலை நிலைக்குழுவில். துறைவாரியாக மசோதாவையும் செலவையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு அது. துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆகத் தொடங்கி 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவை 21, மாநிலங்களவை 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. பட்ஜெட்டுக்குப் பிறகு வரும் இடைவெளியில் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் கேட்கும் செலவுத் தொகையை, வரி வரியாகப் பார்ப்பது அங்கேதான். அவையிலோ கடைசி நாளில் கில்லட்டின் போட்டு மீதித் துறைகளை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிவிடுவார்கள். ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து, 'போன ஆண்டு ஒதுக்கியதில் மூன்றாம் காலாண்டு வரை எவ்வளவு செலவானது, கூலி நிலுவை எத்தனை நாள்' என்று கேட்க முடிவது அந்த அறையில் மட்டும். அந்த வருகை பி.ஆர்.எஸ். எண்ணில் ஏறுவதில்லை. 377 ஏறுகிறது! இதுதான் என் கோபம்.

கரிசல்மண்
அந்த அறையில் உங்கள் ஆள் பேசினார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவு மூடித்தான் கூட்டம். அறிக்கையின் பின்னிணைப்பில் வருகிற கூட்டக் குறிப்பில் யார் வந்தார்கள் என்றுதான் இருக்கும். 'உறுப்பினர்கள் விளக்கம் கேட்டனர்', அவ்வளவுதான் வரி. எந்த உறுப்பினர், என்ன கேட்டார், ஒன்றும் கிடையாது. வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனவர் பெயரும் அதில்தான் இருக்கும். 377-இல் பெயர், தேதி, வாசகம் மூன்றும் இருக்கிறது. வாக்காளர் கையில் எடுத்துக் காட்டக் கூடியது அது ஒன்றுதான்.

நெல்மணி
இது கரிசல்மண்ணுக்கு ஒரு நல்ல புள்ளி. மடைத்திறப்பு இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

மடைத்திறப்பு
நேராகவே சொல்கிறேன். யார் கேட்டார் என்று தெரியாவிட்டாலும் என்ன நடந்தது என்று தெரியும். ஊரக வேலை உறுதி மசோதா 2004 டிசம்பரில் வந்தபோது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று இருந்தது. கல்யாண் சிங் தலைமையிலான ஊரக வளர்ச்சி நிலைக்குழு எல்லா ஊரகக் குடும்பங்களுக்கும் என்று பரிந்துரைத்தது. 2005 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வறுமைக் கோட்டு அட்டை வைத்திருப்பவரா இல்லையா என்று பிரித்திருந்தால் ஒவ்வொரு ஊரிலும் பாதிப் பேர் வெளியே நின்றிருப்பார்கள். ஒரு 377 வாசகம் சட்டப்பிரிவை மாற்றியதாகக் காட்டுங்கள். காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தெற்குவாசல்
கல்யாண் சிங் தலைவர், அவர் பேர் தெரியும். மீதி 30 பேர்? அதுதானே கேள்வி. அப்புறம் நிலம் கையகப்படுத்தல் மசோதா 2011. சுமித்ரா மகாஜன் குழு 2012-இல் என்ன சொன்னது? தனியாருக்காக அரசு நிலம் எடுக்கவே கூடாது என்றது. 2013 சட்டத்தில் என்ன வந்தது? பாதிக்கப்படும் குடும்பங்களில் தனியாருக்கென்றால் 80 சதவீதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கென்றால் 70 சதவீதம் சம்மதம் வாங்கி எடுக்கலாம் என்று வந்தது. குழு பரிந்துரை வெறும் பரிந்துரைதான். 2020 வேளாண் சட்டங்களைக் குழுவுக்கே அனுப்பவில்லை. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் இல்லை. உங்கள் நிலைக்குழு அன்றைக்கு எங்கே இருந்தது?

மடைத்திறப்பு
அனுப்பாதது குழுவின் குற்றமா? அனுப்பாமல் நிறைவேற்றியதன் விலை என்ன என்று ஓராண்டு சற்றுக் கடந்ததும் தெரிந்தது, 2021 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இது என் பக்கத்துச் சாட்சி. போன மாதம் எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதி பற்றிய திரியிலும் தெற்குவாசல் இப்படித்தான் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டு நழுவினார். ஆண்டுக்கு 5 கோடி என்பது 2011-12 முதல்தான் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தெற்குவாசல்
அதற்கு முன் 2 கோடி என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். திரியைப் போய்ப் படியுங்கள். ஒப்புக்கொள்ளத் தெரியாதவர் யார் என்று அங்கேயே தெரியும்.

நெல்மணி
மொழியை யாருமே பேசவில்லையே? தமிழில் பேசுகிற கிராமத்து உறுப்பினரின் சொல் ஆங்கில அவைக்குறிப்பில் எப்படி ஏறுகிறது? மொழிபெயர்ப்பாக, நட்சத்திரம் போட்டு, 'தமிழில் பேசியதன் ஆங்கிலப் பெயர்ப்பு' என்ற அடிக்குறிப்போடு. 'கூட்டுறவுச் சங்கத்தில் அடங்கல் கேட்டு அலையவிடுகிறார்கள்' என்பதில் அடங்கல் என்ற பயிர்க் கணக்குச் சொல் என்ன ஆகும்? அதற்குத்தான் 377 நல்லது. எழுதிக் கொடுப்பதால் சொல் உங்கள் கையில் இருக்கும்.

கரிசல்மண்
பார்த்தீர்களா! 377-க்கு இன்னொரு பலம்.

மடைத்திறப்பு
அது நல்ல மனுவுக்கான பலம். விவாதத்துக்கான பலம் அல்ல. எத்தனை முறை சொல்வது? 377 விவாதம் அல்ல.

கோப்புக்கட்டு
ஒரு விஷயம் இருவருமே விட்டுவிட்டீர்கள். அன்றாட நிர்வாகத்தை நிலைக்குழு எடுக்கக்கூடாது என்று விதி 331E-யிலேயே இருக்கிறது. ஆகவே குறிப்பிட்ட ஊரின் பாலம், ரயில் நிறுத்தம், வங்கிக் கிளை எல்லாம் அங்கே செல்லாது. அதற்கு 377, மனுக்கள் குழு, அமைச்சருக்குக் கடிதம். அமைச்சர் அவையில் 'பரிசீலிக்கிறேன்', 'தகவல் திரட்டப்படுகிறது' என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உறுதிமொழிக் குழு கேட்கும். உறுப்பினர் விடாமல் பின்தொடர்ந்தால்தான் இது வேலை செய்யும். பெரும்பாலோர் தொடர்வதில்லை.

கரிசல்மண்
ஆக ஊர்ப் பிரச்சினைக்கு 377தான் வழி என்று கோப்புக்கட்டே சொல்லிவிட்டார். முடிந்தது.

மடைத்திறப்பு
வழி என்றார், விவாதம் என்று சொல்லவில்லை. நீங்கள் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கி வென்றதாகப் போட்டுக்கொள்கிறீர்கள். உறுப்பினரை எடைபோட ஆசை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அவர் எந்த நிலைக்குழு என்று பாருங்கள், ஆண்டுதோறும் மாறலாம். அந்த ஆண்டு அறிக்கைகளின் கூட்டக் குறிப்பில் வருகைப் பட்டியலை எண்ணுங்கள். அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால் நீக்கவே விதியிருக்கிறது. குழுவின் முடிவோடு உடன்படாமல் மறுப்புக் குறிப்பு கொடுத்திருந்தால் அது அவர் பெயரிலேயே அறிக்கையில் இருக்கும். யார் என்ன சொன்னார் என்று தெரியாது என்ற கரிசல்மண்ணுக்கு அதுவும் ஒரு விடை. பரிந்துரைக்கு மூன்று மாதத்தில் அரசு பதில் தர வேண்டும். அதன்மேல் வரும் நடவடிக்கை அறிக்கையில் நான்காம் அத்தியாயத்தைத் திறங்கள், அரசின் பதிலைக் குழு ஏற்காதவை அங்கேதான் இருக்கும். பிறகு அதே பிரச்சினையில் அவர் அவையில் நட்சத்திரக் கேள்வி கொடுத்தாரா என்று ஒப்பிடுங்கள். கொடுத்திருந்தால் அவர் குழுவிலும் விழித்திருந்தவர்.

தெற்குவாசல்
மறுப்புக் குறிப்பு கொடுப்பவர்கள் எத்தனை பேர்? வாக்காளர் இத்தனையும் பார்ப்பாரா? எண் ஒன்று கண்ணில் படுகிறது, பார்க்கிறார்.

மடைத்திறப்பு
அந்த எண்தான் தப்பு என்கிறேன்! 377 ஒன்றும், நிலம் கையகப்படுத்தல் மசோதாமீது இருபது நிமிடம் பேசியதும் அதில் சமம். இது கணக்கா?

கரிசல்மண்
சமம் என்று நான் சொல்லவில்லை. 377-உம் அவைப் பணி, அதையும் எண்ணு என்கிறேன்.

மடைத்திறப்பு
நேற்று எழுதியது அது இல்லை. 'எண்ணைப் பார்த்தால் போதும்' என்று எழுதினீர்கள். போதும் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

கரிசல்மண்
377 அவைக்குறிப்பில் இருக்கிறதா இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மடைத்திறப்பு
இருக்கிறது. விவாதமாக இல்லை.