சிகாகோ பீட்சா: டீப் டிஷ்ஷா, தின் க்ரஸ்ட்டா? இந்த ஊர்க்காரங்க எதைச் சாப்பிடறாங்க?

ஷாம்பர்க்_புதுசு கேட்டது:

வணக்கம். அடுத்த மாசம் ஊர்ல இருந்து ஆறு பேர் வர்றாங்க. ரெண்டு பேர் சைவம். சிகாகோ வரை வந்துட்டு டீப் டிஷ் (ஆழமான டின்னுல வேக வைக்கற பீட்சா) சாப்பிடாம போறதான்னு இப்பவே கேட்கறாங்க. ஆனா ஆபீஸ்ல இருக்கிற சிகாகோக்காரங்க, "அது டூரிஸ்ட்டுக்கு, நாங்க சாப்பிடறது மெல்லிசா சதுரமா வெட்டினது"ன்னு சொல்றாங்க. உண்மையா, இல்ல சும்மா பீத்தலா?

இன்னொண்ணு, ரெண்டையும் வீட்லயும் செய்யணும். டீப் டிஷ் செஞ்சா ஓரம் சரிஞ்சு அடியில உட்கார்ந்துடுது, நடுவுல மாவு வேகாம கொழகொழன்னு இருக்கு. தின் க்ரஸ்ட் செஞ்சா சப்பாத்தி மேல சீஸ் போட்ட மாதிரி தொங்குது. ரெண்டுக்கும் ஒரே மாவுதான்: ஆல் பர்ப்பஸ் மாவு (மைதா மாதிரி), மாவு எடையில 65 சதவீதம் தண்ணி, பத்து நிமிஷம் நல்லாப் பிசைஞ்சது. 9 இஞ்ச் கேக் டின், கேஸ் ஓவன், 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும்.

பிரவுன்லைன்:

முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரவழைக்கறது மெல்லிசுதான். டாவர்ன் ஸ்டைல்னு பேர், அதாவது மதுக்கடை பீட்சா. பியர் குடிக்க வர்றவங்க இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும்னு உப்பும் காரமுமா போட்டது. தட்டு வேண்டாம், நாப்கின்ல வச்சு ஒரு கையால எடுக்கணும், அதுக்குத்தான் சின்னச் சின்ன சதுரம். தெற்குப் பக்கம் 84வது தெரு, புலாஸ்கி முக்குல இருக்கிற விட்டோ அண்ட் நிக்ஸ், 31வது தெரு ஹோம் ரன் இன் எல்லாம் இந்த வகை. ஹோம் ரன் இன் 1923ல மதுக்கடையாத் தொடங்கி 1947ல பீட்சாவுக்கு வந்தது. 2024ல பீட்சா ஹட்டே சிகாகோ டாவர்ன் ஸ்டைல்னு ஒண்ணை நாடு பூரா இறக்கிடுச்சு, இனி இதை ரகசியம்னு சொல்லிக்கவும் முடியாது.

டீப் டிஷ் 1943ல ஒஹாயோ, வாபாஷ் தெருக்கள் சேர்ற முக்குல பீட்சேரியா உனோவுல பிறந்தது. கடையைத் தொடங்கினவங்க ஐக் சூவலும் ரிக் ரிக்கார்டோவும். செய்முறையை யார் கண்டுபிடிச்சாங்கங்கறதுல இன்னைக்கும் சண்டை ஓயல. டூரிஸ்ட் சாப்பாடுன்னு திட்டறவங்களே பிறந்தநாளுக்கும், ஊர்ல இருந்து ஆள் வந்தாலும், மைனஸ் பத்துல பனி கொட்டினாலும் அதைத்தான் வாங்குவாங்க. நம்ம வீட்டுல பிரியாணி மாதிரி வச்சுக்கோங்க, தினமும் இல்ல.

ஆர்டர் பண்றப்போ டீப் டிஷ்ஷையும் ஸ்டஃப்டையும் குழப்பிக்காதீங்க. ஜியோர்டானோஸ், நான்சீஸ் வகை ஸ்டஃப்ட்: சீஸுக்கு மேல இன்னொரு மெல்லிய மாவு மூடி, அதுக்கு மேலதான் தக்காளி. லூ மல்னாட்டீஸ் வகை டீப் டிஷ்ல மூடி கிடையாது. பெக்வாட்ஸ்ல டின் ஓரத்துல சீஸ் ஓடிக் கருகி, தோசைக்கல் ஓரத்து முறுகல் மாதிரி ஒட்டியிருக்கும். வர்றவங்களுக்கு மூணுல ஒண்ணுன்னா என் ஓட்டு அதுக்கு.

கடையில டீப் டிஷ் வர 40, 45 நிமிஷம் ஆகும். வரிசையில நிக்கும்போதே ஆர்டர் கொடுத்துடுங்க, கேட்டா வாங்கிக்குவாங்க. ஒருத்தருக்கு ரெண்டு துண்டுக்கு மேல இறங்காது, ஆறு பேருக்கு மூணு பெருசு சொல்லி மாட்டிக்காதீங்க.

அடுப்பங்கரை:

வீட்டுல செய்யறதைப் பத்திச் சொல்றேன். உங்க தப்பு கேள்விக்குள்ளயே இருக்கு: ஒரே மாவு. அது நியூயார்க் பீட்சா மாவு. இங்க ரெண்டுக்கும் ஆகாது.

டீப் டிஷ்னா தடிச்ச மாவுன்னு நினைக்கறோம். ஆழம் டின்னுலதான், மாவு 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கணும். பதம் பரோட்டா மாவுக்கு நேர் எதிர்: இழுத்தா இழுபடக் கூடாது, வெண்ணெய் போட்ட தட்டை மாதிரி கடிச்சா உதிரணும். அதுக்கு எண்ணெய் நிறைய, பிசையறது கம்மி.

9 இஞ்ச் டின்னுக்கு:

ஆல் பர்ப்பஸ் மாவு 190 கிராம்
தண்ணி 90 கிராம்
கார்ன் ஆயில் 32 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம்
உப்பு 3 கிராம், சர்க்கரை ஒரு சிட்டிகை

எல்லாத்தையும் கலந்து ஒண்ணு சேர்ந்ததும் நிறுத்திடணும். கையால ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. பார்க்க அரைகுறையா, மேடு பள்ளமா இருக்கும், பரவாயில்ல. உங்களுக்கு ஓரம் சரியறதுக்குக் காரணம் அந்தப் பத்து நிமிஷப் பிசைதல். குளூட்டன், அதாவது மாவுல இருக்கற புரதம், ரப்பர் மாதிரி இறுகி, சூடு பட்டதும் சுவரை உள்ளே இழுக்குது. மூடி, வெளியில ரெண்டு மணி நேரம், அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ். மறுநாள் ரெண்டு மணி நேரம் முன்னாடி எடுத்து வைங்க.

டின்னுல ஒரு ஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ தடவி, மாவை விரலால நடுவுல இருந்து வெளிப்பக்கமா அழுத்துங்க. பூரிக்கட்டை வேண்டாம். திரும்பி வந்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி. சுவர்ல ஒன்றரை இஞ்ச் ஏத்தணும். இதுல எல்லாரும் விடற இடம், அடியும் சுவரும் சேர்ற முக்கு. மாவு அங்கதான் ஒளிஞ்சுக்கும், ஒரு சென்டிமீட்டர் கனமா. வெளியில பொன்னிறமா இருக்கும், வெட்டினா அந்த முக்கு மட்டும் வெள்ளையா பசையா நிற்கும். விரல் நுனியை முக்குல வச்சுச் சுத்தி அழுத்திட்டு வாங்க.

அடுக்கற வரிசையை மாத்தாதீங்க. முதல்ல 200 கிராம் மொசரெல்லா, துருவாம ஸ்லைஸா, இடைவெளி இல்லாம ஓடு பதிக்கற மாதிரி. அதுக்கு மேல சாசேஜ் (மசாலா போட்ட கொத்துக்கறி), தக்காளி கடைசி. சீஸ் மேல இருந்தா அரை மணி நேரத்துக்கு மேல வேகறதுல கருகிடும், அடியில இருந்தா தக்காளித் தண்ணி மாவுக்குப் போகாமத் தடுக்கும். மொசரெல்லா லோ மாயிஸ்ச்சர் (ஈரம் கம்மியான) வகையா இருக்கணும், தண்ணியில மிதக்கற புது உருண்டை வேண்டாம்.

நடு கொழகொழப்புக்கு முக்கால்வாசிக் காரணம் தக்காளி. 28 அவுன்ஸ் டின் முழுத் தக்காளியைக் கையால நசுக்கி, வடிகட்டியில அரை மணி நேரம் விடுங்க. இறங்கற தண்ணியைப் பார்த்தாப் புரியும், ரசம் வச்சுடலாம். கொதிக்க வைக்க வேண்டாம், ஓவன்லயே வெந்துடும். 300 கிராம் போதும், உப்பு, ஒரெகானோ, மேல ஒரு பிடி ரோமானோ சீஸ்.

ஓவன் 425 டிகிரி, கீழ் ரேக், 30ல இருந்து 35 நிமிஷம். பீட்சா ஸ்டோன் (ஓவன்ல வைக்கற தட்டைக் கல்) இருந்தா முன்னாடியே சூடாக்கி டின்னை அது மேல வைங்க. பளபளன்னு இருக்கற கேக் டின் சூட்டைத் திருப்பி அனுப்பும், அடி வெளுத்தே இருக்கும். கருப்பு நிற, நேர்ச் சுவர் வச்ச டின் வாங்கிடுங்க. வெந்ததும் டின்லயே விட்டுடாதீங்க, ஆவி அடங்கி அடி நமுத்துடும். கம்பி ரேக்குக்கு மாத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு வெட்டுங்க.

இணையத்துல பாதிப் பேர் மக்காச்சோள ரவை சேர்க்கச் சொல்வாங்க. நரநரப்பு பிடிச்சா மாவுல பத்து சதவீதம் சேர்த்துக்கலாம், உதிர்ற பதம் வர்றது எண்ணெயால, அதால இல்ல.

தெற்குப்பக்கம்:

அடுப்பங்கரை சொன்னதுல வாதம் இல்ல, ஆனா வீட்டுல பழக மெல்லிசுதான் மேல். டின் வேண்டாம், முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டாம்.

12 இஞ்ச் ரெண்டுக்கு: மாவு 250 கிராம், தண்ணி 130, எண்ணெய் 12, உப்பு 5, சர்க்கரை 4, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். கெட்டியா இருக்கும், சலிக்காம ஆறேழு நிமிஷம் பிசையுங்க. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள், மூணு நாள்னா இன்னும் நல்லது.

உங்களுக்குத் தொங்கறதுக்குக் காரணம் ஈரம். மாவை ரெண்டு மில்லிமீட்டருக்குத் தேய்ச்சு, 12 இஞ்ச் வட்டமா வெட்டி, பேப்பர் போட்ட தட்டுல வச்சு மூடாம ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க விடுங்க. வடகம் காய வைக்கற வேலைதான், வெயிலுக்குப் பதில் ஃப்ரிட்ஜ். நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடணும். காலையில தொட்டா மேல் தோல் காய்ஞ்சு, தூக்கினா அட்டை மாதிரி லேசா விறைச்சு நிற்கும். ஓரம் வெடிச்சா அதிகமா காய்ஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அடுத்த தடவை நேரத்தைக் குறைங்க.

முள்கரண்டியால நெடுகக் குத்துங்க. குத்தாட்டி பூரி மாதிரி உப்பி சாஸ் ஒரு பக்கமா ஓடிடும். பீட்சாவை ஓவனுக்குள்ள தள்ளற தட்டைப் பலகையில மக்காச்சோள ரவையோ பாம்பே ரவையோ தூவுங்க, வழுக்கிட்டு இறங்கும். சாஸ் ஆறு டேபிள்ஸ்பூன்தான், ஓரத்துல இருந்து அரை சென்டிமீட்டர் வரைக்கும் தடவணும். இதுல பெரிய ஓரம் விடற பழக்கமே கிடையாது. சீஸ் 150 கிராம், துருவின பாக்கெட் வேண்டாம், ஒட்டாம இருக்கப் போடற ஸ்டார்ச் உருகறதைக் கெடுக்கும். சாசேஜ் பச்சையாவே, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்க. கொழுப்பு உருகி சீஸோட கலக்கற ருசி முன்கூட்டி வதக்கினா வராது.

500 டிகிரி, ஸ்டோன் ஒரு மணி நேரம் சூடானதுக்கு அப்புறம், 10ல இருந்து 12 நிமிஷம். அடியில புள்ளி புள்ளியா கருஞ்சிவப்பு வரணும். எடுத்ததும் கம்பி ரேக்ல ரெண்டு நிமிஷம், அப்புறம் குறுக்கே மூணு வெட்டு, நெடுக மூணு வெட்டு. பதினாறு துண்டு. நாலு மூலையில சின்ன முக்கோணம் நாலு விழும், சண்டை வர்றது அதுக்குத்தான். முக்கோண ஸ்லைஸா வெட்டினா இது டாவர்ன் பீட்சாவே இல்லங்கறது எங்க பக்கத்துச் சட்டம்.

ஷாம்பர்க்_புதுசு:

ரொம்ப நன்றிங்க. தக்காளித் தண்ணி நான் யோசிக்கவே இல்ல. சைவம் ரெண்டு பேருக்கு என்ன பண்றது? இங்க எல்லாரும் சாசேஜ், சாசேஜ்னே சொல்றீங்க. மாட்டு, பன்னி இறைச்சி வேண்டாம்கறவங்களும் இருக்காங்க.

அடுப்பங்கரை:

சிகாகோ சாசேஜோட வாசனை சோம்புதான். கோழிக் கொத்துக்கறி, தொடைக்கறியா இருந்தா நல்லது, 225 கிராமுக்கு ஒன்றிரண்டா தட்டின சோம்பு ஒரு டீஸ்பூன், பூண்டு ரெண்டு பல், உப்பு, மிளகு, மிளகாய்த் தூள் சிட்டிகை. கொழுப்பு கம்மிங்கறதால ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசைஞ்சுக்குங்க. டீப் டிஷ்ல மெல்லிசாப் பரப்புங்க. உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்திருக்கான்னு தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க, பன்னி இறைச்சிக்கு 160 போதும்.

சைவத்துக்கு ஜார்டினியெரா. காலிஃபிளவர், கேரட், செலரி, பச்சை மிளகாய் போட்ட இத்தாலிய ஊறுகாய், எந்த ஜுவல் சூப்பர்மார்க்கெட்லயும் ஹாட், மைல்டுன்னு கிடைக்கும். எண்ணெயை நல்லா வடிச்சுட்டுப் போடுங்க. டீப் டிஷ்ல கீரை, காளான் பச்சையாப் போட்டா மறுபடி குளம்தான். வதக்கி, ஆற வச்சு, பிழிஞ்சு போடுங்க.

கண்டிப்பான சைவம்னா ரோமானோ சீஸைக் கவனிங்க. இத்தாலியில இருந்து வர்ற பெக்கோரினோ ரோமானோவுல ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரெனெட் (பாலைத் திரிய வைக்கற பொருள்) சேர்த்திருப்பாங்க. லேபிள்ல மைக்ரோபியல் இல்லாட்டி வெஜிடபிள் ரெனெட்னு இருக்கறதை எடுங்க, மொசரெல்லாவுக்கும் அதே பார்வை. கடையில சாப்பிடறதா இருந்தா இதைக் கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

பிரவுன்லைன்:

மிஞ்சினதை மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, மாவு தோலாகிடும். டீப் டிஷ் துண்டை மூடி போட்ட இரும்புத் தோசைக்கல்லுல, எண்ணெய் இல்லாம, சின்னத் தீயில ஏழெட்டு நிமிஷம். சீஸ் இளகறதுக்குள்ள அடி மொறுமொறுன்னு ஆகிடும். மெல்லிசுக்கு மூடி வேண்டாம், மூணு நிமிஷம் போதும்.