பத்துப் பன்னிரண்டு ஃபோட்டானை வைத்து ஒரு கருந்துளையா?

தொலைவாணன் கேட்டது:
சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் தென் ஆழ்புலம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுப் பக்கம் வானத்தில் ஒரு சின்னத் துண்டு. அதை 1999 முதல் 2016 வரை விட்டுவிட்டு மொத்தம் 70 லட்சம் விநாடி பார்த்திருக்கிறார்கள். அப்படியும் ரொம்ப மங்கலானவற்றிலிருந்து கிடைத்தது பத்துப் பன்னிரண்டு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள்தானாம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒன்று! இதை வைத்துக்கொண்டு 'இங்கே ஒரு காலக்ஸி, நடுவில் கருந்துளை' என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? எனக்கென்னவோ கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறது.

இரவுப்பறவை:
அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே பாதி பதில். நம் பால்வீதியின் ஹைட்ரஜன் அந்தத் திசையில் மிகக் குறைவு. குறைந்த ஆற்றல் எக்ஸ்-கதிரை வழியில் விழுங்க ஆளில்லை. மீதியை நிழல்வெளி அக்கா வந்து சொல்லட்டும், அவர் இந்தத் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்.

நிழல்வெளி:
வந்துவிட்டேன். தொலைவாணன், பத்து என்பது சின்ன எண்ணா இல்லையா என்பது, ஒன்றுமில்லாத இடத்தில் எத்தனை விழுகிறது என்பதைப் பொறுத்தது. காப்பகத்தில் தரவு இலவசம்தான். ஒரு கோப்பை இறக்கி டிஎஸ்9 என்ற வானியல் மென்பொருளில் திறந்து பாருங்கள். படம் என்று எதுவும் இருக்காது, அட்டவணைதான். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு வரி: வந்த நேரம், விழுந்த இடம், ஆற்றல். சந்திராவின் கேமராவில் உள்ள சிசிடி உணரி சுமார் 3.2 விநாடிக்கு ஒருமுறை படிக்கப்படுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ண முடிகிறது. மின்னூட்டம் பக்கத்துப் பிக்சல்களில் சிதறிய விதத்தைப் பார்த்து காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம். மிஞ்சும் பின்னணி, 70 லட்சம் விநாடிக்குப் பிறகும் பிக்சலுக்குச் சராசரியாக ஒன்றைத் தொடாது. சந்திராவின் பார்வைக் கூர்மையோ அரை ஆர்க் செகண்ட் (ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). ஆக, கைவிரல் எண்ணிக்கைப் பிக்சல்களுக்குள் பத்துப் பன்னிரண்டு கூடுதலாகக் குவிந்தால் அது தற்செயல் இல்லை. அதே புள்ளியில் ஹப்பிள் படத்தில் ஒரு காலக்ஸியும் இருந்தால் சந்தேகம் இன்னும் குறைகிறது.

கருந்துளை என்பது அடுத்த படி. சாதாரணக் காலக்ஸியிலும் எக்ஸ்-கதிர் உண்டு. இரட்டை விண்மீன்களும் சூடான வாயுவும் போதும். ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. தூரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், எக்ஸ்-கதிரில் மட்டுமே சூரியனின் மொத்த ஒளியைப் போல் 80 கோடி மடங்குக்கு மேல் வந்தால் வாயுவை விழுங்கும் கருந்துளை என்றுதான் வகைப்படுத்துவார்கள். இந்தப் புலத்தின் 2017 பட்டியலில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் எக்ஸ்-கதிர் மூலங்களில் பத்தில் ஏழு இந்த ரகம். மங்கலான மீதியில் சில வெறும் காலக்ஸிகள்தான். அதனால் உங்கள் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன்.

தொலைவாணன்:
சரி, ஒன்றுகூடத் தெரியாத காலக்ஸிகள்? அவற்றையும் 'அடுக்கி'ப் பார்க்கிறார்களாமே?

நிழல்வெளி:
ஆமாம், எனக்குப் பிடித்த வேலையே அதுதான். ஹப்பிள் காட்டிய இடங்களில் எக்ஸ்-கதிர்த் தரவை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். தனித்தனியாகப் பூஜ்யம் போலிருப்பவை, ஆயிரக்கணக்கில் சேரும்போது ஒரு புள்ளியாக எழும். ஆரம்பகாலக் காலக்ஸிகளை அப்படி அடுக்கியதில் வந்த ஒளியின் பெரும்பகுதி இரட்டை விண்மீன்களுடையது என்றே தெரிந்தது. கருந்துளை வளர்ச்சியைத் தேடிப் போனவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

இரவுப்பறவை:
ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிடித்த அந்தச் சிறு செம்புள்ளிகள், அதாவது வெகுதொலைவில் சிவப்பாகத் தெரியும் குட்டிப் பொருள்கள்? அடுக்கியும் எக்ஸ்-கதிரில் மௌனம்தானே?

நிழல்வெளி:
பெரும்பாலும் மௌனம்தான். அத்தனை தூரத்திலிருந்து வரும்போது அலைநீளம் நீண்டுவிடுகிறது. நாம் பிடிப்பது அங்கே மிக அதிக ஆற்றலுடன் கிளம்பிய கதிர். சாதாரணத் தூசும் வாயுவும் அதை மறைக்காது. அப்படியும் காணோம் என்றால், ஒன்று மிக அடர்ந்த வாயுப் போர்வை, இல்லை இயல்பாகவே எக்ஸ்-கதிர் குறைவு. நான் போர்வைக் கட்சி.

தொலைவாணன், நீங்களே அடுக்கிப் பார்ப்பதானால் ஒன்று. இது நூறுக்கும் மேற்பட்ட தனி அவதானிப்புகளின் தொகுப்பு. கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் ஆயத்தொலைவையும் தெரிந்த காலக்ஸிகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு ஆர்க் செகண்ட் பிசகினாலும் உங்கள் பன்னிரண்டு ஃபோட்டான் அக்கம்பக்கம் சிதறிப்போகும்.